வாசற்பூட்டா? வாய்ப்பூட்டா?

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கைத் தீவு முழுவதிலும் மின்சாரம் நின்றது. பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை ஒரே வேளையில் விசிறிகள் ஓய்ந்தன. நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்தன. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் தொடுகையுற்றதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் அறிவித்தார். நாடு சிரித்தது. உலகப் பத்திரிகைகளும் சிரித்தன. மின்சாரம் முற்றாகத் திரும்புவதற்குப் பல மணி நேரம் சென்றது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனமையால், அடுத்து வந்த நாட்களிலும் முறைவைத்து மின்வெட்டு நடைபெற்றது.

சிரித்தது போதும். இனிச் சற்றே சிந்திப்போம்.

விடுமுறை நாளாதலால் மின்தேவை குறைந்திருந்தது. சூரிய மின்சாரத்தின் பங்கோ கூடியிருந்தது. அதனால் மின்வலையமைப்பு முன்னரே தளம்பும் நிலையில் இருந்தது என்று மின்சார சபை பின்னர் விளக்கம் கூறியது. அவ்விளக்கத்தை நாம் ஏற்கின்றோம். ஆனால் அதன் பொருள் யாது? தக்க வேளை பார்த்துத் தக்க இடத்திற் கை வைத்தால், இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களின் விளக்கை ஒருவன் அணைத்துவிடலாம் என்பதன்றோ? அறிவில்லாத விலங்கு ஒன்று தற்செயலாக ஓரிடத்திற் செய்த காரியம் இது. அறிவுள்ள பகைவன், மாதக்கணக்காகத் திட்டமிட்டு, ஒரே வேளையில் முப்பது இடங்களிற் செய்தால் என்ன ஆகும்? அதுவும், தன் நாட்டை விட்டு ஓர் அடி நகராமல், கணினியின் முன் அமர்ந்தபடியே செய்தால்?

இது வீண் பயம் என்று கூறுவார் உளர். வீண் பயம் அன்று, நடந்த கதை. நடந்த நாடு உக்ரேன்.

உக்ரேன் கண்ட இருள்

2015 டிசம்பர் 23 ஆம் திகதி பிற்பகல், உக்ரேனின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு மின்விநியோகக் கொம்பனியின் கட்டுப்பாட்டு அறையில் ஊழியர் ஒருவர் தமது கணினித் திரையில் ஓர் அதிசயத்தைக் கண்டார். சுட்டி தானாக நகர்ந்தது. நகர்ந்து சென்று, உப மின்நிலையம் ஒன்றின் மின்தொடுப்பைத் துண்டித்தது. அவர் சுட்டியைப் பற்றி இழுத்தார். அது அவர் சொற்படி கேட்கவில்லை. கணினி அவரை வெளியே தள்ளிற்று. மீண்டும் உள்ளே செல்ல முயன்றார், கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. தம் கண்முன்னே ஊர் ஊராக இருளில் ஆழ்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய இயலவில்லை.

அன்று மூன்று மின் கொம்பனிகள் ஒரே வேளையில் தாக்கப்பட்டன. ஏறத்தாழ 2,25,000 பாவனையாளர்கள், கடுங்குளிர் காலத்தில், ஒரு மணி முதல் ஆறு மணி நேரம் வரை மின்சாரமின்றித் தவித்தனர். வந்தவர்கள் விளக்கை அணைத்ததோடு நிற்கவில்லை. கட்டுப்பாட்டு நிலையங்களுக்கென வைத்திருந்த சேமிப்பு மின்சாரத்தையும் நிறுத்தினர். முறையிடுவதற்கான தொலைபேசி நிலையத்தைப் போலி அழைப்புகளால் நிரப்பினர். கணினிகளிலிருந்தவற்றை அழித்தனர். உப மின்நிலையங்களுக்குக் கட்டளையைக் கொண்டுசெல்லும் கருவிகளின் உள்நிரலையும் சிதைத்து அவற்றைப் பயனற்ற இரும்பாக்கினர். இரண்டு மாதங்கள் கழிந்த பின்னரும் அக்கட்டுப்பாட்டு நிலையங்கள் முழுமையாகச் சீரடையவில்லை.

ஓராண்டு சென்றது. 2016 டிசம்பர் 17 ஆம் திகதி நள்ளிரவை அண்டிய வேளையில், தலைநகரான கீவின் வடபாலுள்ள ஒரு பெரும் உப மின்நிலையம் வீழ்ந்தது. நகரத்தின் மின்பாவனையில் ஐந்தில் ஒரு பங்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் இல்லாதொழிந்தது. இம்முறை சுட்டியை நகர்த்த ஆளே தேவைப்படவில்லை. மின்நிலையக் கருவிகள் தம்முட் பேசும் மொழியை அறிந்த நச்சு நிரல் ஒன்று, தானே கட்டளையிட்டுத் தொடுப்புகளைத் திறந்தது.

இத்தாக்குதல்கள் தொடர்பாக, ருஷ்ய இராணுவ உளவுப் பிரிவின் அதிகாரிகள் அறுவர்மீது அமெரிக்கா 2020 ஒக்ரோபர் மாதத்திற் குற்றஞ் சாட்டியது. ருஷ்யா மறுத்தது. யார் செய்தார் என்னும் வழக்கை வல்லரசுகள் பேசிக்கொள்ளட்டும். நம்போன்ற சிறிய நாட்டவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அது எவ்வாறு செய்யக்கூடியதாயிற்று?

கதவைத் திறந்தது எது?

உக்ரேனின் முதலாவது தாக்குதல் எங்கே தொடங்கியது தெரியுமா? மின்நிலையத்தில் அன்று, அலுவலக மேசையில். அத்தாக்குதலுக்குப் பல மாதங்களின் முன்னரே கொம்பனியின் ஊழியர்களுக்கு மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றோடு இணைக்கப்பட்டிருந்த பத்திரம் சாதாரண அரசாங்கக் கடிதம்போலத் தோன்றியது. திறந்தவரிடம் ஓர் அனுமதி கேட்டது, அவர் அனுமதித்தார். அவ்வளவே. உள்ளே புகுந்தவர்கள் அவசரப்படவில்லை. மாதக்கணக்காக மறைந்திருந்து, யார் எப்போது வருகிறார், எந்தக் கடவுச்சொல்லால் எந்தக் கதவு திறக்கும் என்று கற்றனர். அலுவலகக் கணினிகளிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும் பாதையை அக்கடவுச்சொற்களே திறந்துவிட்டன. இரண்டாவது திறப்பொன்றை அப்பாதை கேட்கவில்லை.

ஏனைய நாடுகளில் நடந்தவற்றையும் நோக்குவோம். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய கப்ப நிரல், அதாவது கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும் நச்சு நிரல், இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையையும் தாக்கிற்று. ஆஸ்பத்திரிகள் நோயாளரைத் திருப்பி அனுப்பின. அந்நோய்க்குரிய மருந்தை, அதாவது அத்துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை, மைக்ரோசொப்ட் கொம்பனி மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதனை இட்டுக்கொள்ளாத கணினிகளே வீழ்ந்தன. 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் குழாய்வழி நின்றது. பெற்றோல் நிலையங்களின் முன் மக்கள் வரிசையில் நின்றனர். கொம்பனி ஏறத்தாழ 44 லட்சம் டொலர் கப்பம் கட்டியது. கள்வர் நுழைந்த வழி யாது? எவரும் பாவியாது கிடந்த ஒரு பழைய கணக்கின் கடவுச்சொல்.

இந்நிகழ்ச்சிகளில் மந்திர தந்திரம் எதுவும் இல்லை. பூட்டாத கதவு, பழுது பார்க்காத சுவர், விசாரியாது திறந்த கடிதம் ஆகியவையே உள்ளன. ஆகவே பாதுகாப்பு என்பது பெருஞ் செல்வமுள்ள வல்லரசுகளுக்கு மட்டும் உரியது என்னும் வாதம் நிலைக்காது. வீட்டைப் பூட்டிவிட்டு உறங்கச் செல்லும் ஒழுக்கம் ஏழைக்கும் உண்டு.

"நம்மை யார் தாக்குவார்?"

நம் நாட்டு ஆட்சியாளரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ள ஒரு நினைப்பு உண்டு. நாம் சிறிய நாடு, கடன்பட்ட நாடு, நம்மிடம் வந்து எவர் என்ன எடுக்கப்போகிறார் என்பதே அது.

கொஸ்ரா ரிக்கா நம்மினும் சிறிய நாடு. ஏறத்தாழ ஐம்பது லட்சம் மக்கள். 1948 ஆம் ஆண்டிலேயே படையைக் கலைத்துவிட்ட நாடு. 2022 ஏப்ரில் மாதத்தில் ஒரு கப்பக் கும்பல் அதன் நிதி அமைச்சைத் தாக்கியது. வரி அறவிடும் ஒழுங்கும் சுங்க ஒழுங்கும் நின்றன. துறைமுகங்களிற் சரக்குத் தேங்கியது. மே 8 ஆம் திகதி புதிய ஜனாதிபதி பதவியேற்ற அன்றே தேசிய அவசர நிலையைப் பிரகடனஞ் செய்தார். மாத முடிவில் மற்றொரு கும்பல் சுகாதார சேவையைத் தாக்க, வைத்தியர்கள் மீண்டும் காகிதத்தில் எழுதத் தொடங்கினர். படையில்லாத நாட்டின்மீதும் போர் வரும் என்பதை அம்மக்கள் அன்று கண்டனர்.

நம் வாசல்வரை வந்ததும் உண்டு. 2016 பெப்ரவரியில் வங்காள தேசத்து மத்திய வங்கியின் கணினிகளுட் புகுந்தவர்கள், நியூயோர்க்கில் அவ்வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ நூறு கோடி டொலரை எடுக்க முயன்றனர். 8 கோடியே 10 லட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்று மறைந்தது. 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அதனைத் தடுத்தது எது? பெறுபவரின் பெயரில் இருந்த ஓர் எழுத்துப்பிழை. அப்பிழை கண்டு ஐயுற்ற வங்கி ஊழியர் விளக்கங் கேட்டார், பணம் திரும்பியது. கள்வனின் எழுத்துப்பிழையை நம்பி ஒரு நாடு வாழ முடியுமா?

நம் வீட்டில் நடந்தது

அயல்வீட்டுக் கதை போதும். 2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி கண்டறியப்பட்ட நம் வீட்டுக் கதையைப் பார்ப்போம். இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல்களைத் தாங்கி நின்ற பொதுக் கணினி அமைப்பைக் கப்ப நிரல் தாக்கியது. மந்திரிசபைக் காரியாலயம் உட்பட ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்தில், அவற்றில் வந்தனவும் சென்றனவும் அழிந்தன. மீட்க முடியவில்லை. ஏன்? அக்காலத்துக்குரிய, தனியே பிரித்து வைக்கப்பட்ட பிரதி எதுவும் இல்லை. உடனிருந்த பிரதியோ மூலத்தோடு சேர்ந்து பூட்டப்பட்டது. பெட்டகத்தின் திறப்பைப் பெட்டகத்தின்மேலேயே வைத்திருந்த கதை இது.

அது மட்டுமா? அவ்வமைப்பு இயங்கிய மென்பொருள் 2013 ஆம் ஆண்டின் பதிப்பு. அதற்கு இனிமேல் திருத்தம் எதுவும் தருவதில்லை என்று அதனைச் செய்த கொம்பனி முற்கூட்டியே அறிவித்து, 2023 ஏப்ரில் 11 ஆம் திகதியோடு கைவிட்டுவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதலே இருந்ததென்றும், நிதி போதாமையாலும் முன்னைய சபையின் தீர்மானங்களாலும் தாமதமானதென்றும் பொறுப்பான நிறுவனம் விளக்கங் கூறியது.

நிதி போதவில்லை என்பதை நாம் எள்ளி நகையாடவில்லை. 2022 ஆம் ஆண்டில் இந்நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது கைவிரித்ததை நாம் அறிவோம். ஆனால் பிரதியெடுத்து வேறோரிடத்தில் வைப்பதற்கு எத்தனை கோடி வேண்டும்? ஒரு சங்கக் கடையின் மனேச்சரும் கணக்குப் புத்தகத்தைக் கடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வைப்பார். அவருக்கு இருந்த முன்யோசனை ஓர் அரசாங்கத்துக்கு இல்லாமற் போனதேன்?

வாயை அடைத்தனர்; வாசலை மறந்தனர்

இனி நாம் கூறப்போவதை வாசகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்கத்தின் அஞ்சல் அழிந்தது. செப்ரெம்பர் மாதத்தில் அன்றைய அரசாங்கம் ஒரு மசோதாவை வர்த்தமானியில் வெளியிட்டது. அரசாங்கக் கணினிகளைப் பாதுகாப்பதற்கான மசோதா என்று நினைப்பீர்கள். அதுவன்று. மக்கள் இணையத்தில் எழுதுவதையும் பேசுவதையும் விசாரித்துத் தண்டிப்பதற்கான நிகழ்நிலைக் காப்பு மசோதா! எது பொய், எது மெய் என்று தீர்மானிக்க ஐவர் கொண்ட ஆணைக்குழு. குற்றவாளியாகக் காணப்படுவோருக்குச் சிறை. 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 பேர் ஆதரிக்க, 62 பேர் எதிர்க்க, அது பாராளுமன்றத்தில் நிறைவேறியது. நான்கே மாதத்தில் வேலை முடிந்தது.

மின்சாரம், நீர், வங்கி, ஆஸ்பத்திரி முதலியவற்றின் கணினிகளை இன்றியமையாதவை எனப் பிரகடனஞ் செய்து, அவற்றை வைத்திருப்போர்மீது கடமைகளைச் சுமத்தும் இணையப் பாதுகாப்பு மசோதாவின் நிலை என்ன? அதன் வரைவு 2019 ஆம் ஆண்டிலேயே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. திருத்தினர், மீண்டும் திருத்தினர். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறிய அந்நாளில், ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழிந்தும், அது சட்டமாகவில்லை. குடிமகனின் வாய்க்கு நான்கு மாதத்திற் பூட்டு. மின்நிலையத்தின் வாசலுக்கு ஐந்தாண்டாகியும் பூட்டில்லை. இதுதான் பாதுகாப்பா என்று நாம் கேட்கின்றோம்.

பாதுகாப்பு என்னும் சொல்லுக்கு இந்நாட்டில் ஒரு சரித்திரம் உண்டு. தமிழ் மக்களுக்கு அதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1979 ஆம் ஆண்டில் மூன்றாண்டுக்கெனத் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 ஆம் ஆண்டில் நிரந்தரமாக்கப்பட்டது. அச்சத்தைக் காட்டிப் பெற்ற அதிகாரத்தை எந்த ஆட்சியும் எளிதில் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆகவேதான் மின்வலையைக் காக்க வேண்டும் என்று உரத்துக் கூறும் நாமே, அதன் பெயரால் மக்களின் கடிதத்தை உடைத்துப் பார்க்கும் அதிகாரத்தை எவருக்கும் கொடுக்கலாகாது என்றும் அதே குரலிற் கூறுகின்றோம். உக்ரேனின் விளக்குகளை அணைத்தது எந்தக் குடிமகனின் பேச்சும் அன்று. அவனது பேச்சைத் தடுத்திருந்தால் அவ்விளக்குகள் எரிந்திருக்கவும் மாட்டா.

செய்ய வேண்டுவன

குறை கூறி ஓய்வது நமது நோக்கமன்று. செய்ய வேண்டுவனவற்றையும் கூறுகின்றோம்.

முதலாவதாக, எவை நின்றால் நாடு நிற்கும் என்று ஒரு பட்டியல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர் குறிக்கப்பட்ட ஒரு பொறுப்பதிகாரி வேண்டும். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் எவருக்கும் பொறுப்பில்லை என்பதே பொருள்.

இரண்டாவதாக, கடிதம் வாசிக்கும் கணினியும் மின்தொடுப்பைத் திறக்கும் கணினியும் ஒரே வலையில் இருத்தலாகாது. தவிர்க்க முடியாத இடத்தில் கடவுச்சொல்லோடு இரண்டாவது திறப்பும் வேண்டும். விலகிய ஊழியரின் கணக்கு அவர் விலகிய அன்றே மூடப்பட வேண்டும்.

மூன்றாவதாக, பிரதிகள் வலையிலிருந்து துண்டித்து வேறோரிடத்தில் வைக்கப்பட வேண்டும். அவற்றிலிருந்து மீட்க முடிகிறதா என்று காலந்தோறும் சோதிக்கவும் வேண்டும். சோதியாத பிரதி இல்லாத பிரதியே.

நான்காவதாக, கைத்தொழிலை மறக்கலாகாது. உக்ரேனில் ஒளியை மீட்டவர் யார்? கணினி நிபுணர் அல்லர். வாகனமேறி ஒவ்வோர் உப மின்நிலையமாகச் சென்று, கையால் தொடுப்புகளை மூடிய தொழிலாளரே. சிக்கனம் என்ற பெயரால் அனுபவமிக்க தொழிலாளரை வீட்டுக்கனுப்பி, யாவற்றையும் திரையில் ஒப்படைக்கும் திட்டங்களை வகுப்போர் இதனை மறவாதிருக்கட்டும். நம் உப மின்நிலையங்களையும் நீர் நிலையங்களையும் கணினியின்றி இயக்கும் பயிற்சி ஆண்டுதோறும் நடைபெற வேண்டும்.

ஐந்தாவதாக, ஒளிவுமறைவு கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஆம் ஆண்டிற் செய்த விதியின்படி, பெருந்தாக்குதலுக்குள்ளான நிறுவனம் 24 மணி நேரத்துள் முதல் எச்சரிக்கையை அறிவிக்க வேண்டும். அதே ஆண்டில் இந்தியா விதித்த காலம் ஆறு மணி நேரம். இங்கும் அவ்வாறு காலவரை வேண்டும். மேற்பார்வை செய்யும் அதிகாரசபை பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தாக்கப்பட்டதை மறைப்பவன் அடுத்த வீட்டுக்காரனையும் கள்வனிடம் காட்டிக்கொடுப்பவனாவான்.

ஆறாவதாக, கள்வன் வருவது கடிதத்தின் வழியாக என்று கண்டோம். அக்கடிதத்தைத் திறப்பவர் யார்? அமைச்சின் செயலாளர் அல்லர். யாழ்ப்பாணத்துக் கச்சேரியிலும், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலும், மாத்தறைப் பிரதேச சபையிலும் மேசைக்கு முன் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞர். நாட்டின் எல்லைக் காவலர் இன்று அவர்களே. கொழும்பிலுள்ள நிபுணர் ஆங்கிலத்தில் எழுதிய எச்சரிக்கை அவர்களிற் பலருக்குப் பயன்படாது. சிங்களத்திலும் தமிழிலும், ஒரே நாளில், ஒரே தெளிவோடு அது சென்று சேர வேண்டும். மொழியுரிமை என்று நாம் பேசும்போது சலுகை கேட்பதாக நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். தமிழ் எழுதுவினைஞருக்கு விளங்காத எச்சரிக்கையால் திறந்து கிடக்கும் கதவு தமிழருடைய கதவு மட்டுமன்று. அந்த வலை முழுத்தீவுக்கும் ஒன்றே. பாணந்துறையில் தொட்டால் பருத்தித்துறையில் இருளும். பருத்தித்துறையில் திறந்தால் பாணந்துறைக்கும் வழியுண்டு.

இவற்றுள் எதுவும் இயலாத காரியமன்று. பெரும்பாலானவை பெருஞ் செலவுள்ள காரியமுமன்று. வேண்டுவது ஒழுங்கும் பொறுப்புமே. அவற்றைக் கடனாக எந்த நாடும் நமக்குத் தராது. நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். ஆட்சிகள் வரும், போகும். தாக்கப்பட்ட நாளில் சத்திரசிகிச்சை மேசையிற் கிடக்கும் நோயாளிக்கு எந்தக் கட்சி ஆட்சியில் இருக்கிறது என்பது பொருளல்ல; விளக்கு எரிகிறதா என்பதே பொருள்.

ஆகவே, ஆட்சிபீடத்தில் அமர்ந்திருப்போர் எவராயினும் அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. மக்களின் வாயிலிருந்து கையை எடுங்கள். அக்கையால் மின்நிலையத்தின் வாசலைப் பூட்டுங்கள்.